சாப்பிடும் தூரம்: மிரளும் பூனையும் வீட்டுக்கு வரும் புதிய உயிரும்

மழைக்கால இரவொன்றில், வண்டி நிறுத்துமிடத்தில் நனைந்து கத்திக்கொண்டிருந்த குட்டிப் பூனையை ஒருவர் துண்டில் சுற்றித் தன் வீட்டுக்கு எடுத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஏற்கெனவே நான்கு வயதுப் பெண் பூனை ஒன்று இருக்கிறது. தனியாகவே வளர்ந்த அது, அழைப்பு மணி அடித்தாலே கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் சுபாவம் உடையது. குட்டியைக் கூடத்தில் இறக்கிவிட்ட மறுகணமே பெரிய பூனை முதுகை வளைத்து, வாலைப் புடைத்து, ஒருமுறை சீறிவிட்டு அலமாரியின் உச்சிக்குத் தாவிவிடுகிறது. மறுநாள் மாலை வரை அது கீழே இறங்கவில்லை. தட்டில் வைத்த உணவு காய்ந்து கிடக்கிறது. "பாவம், பொறாமை" என்கிறார் வீட்டில் ஒருவர். "இரண்டு நாள் அடித்துக்கொள்ளும், பிறகு ஒன்றாகவே படுத்துத் தூங்கும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பூனை வளர்க்கும் வீடுகளில் இந்த இரண்டு விளக்கங்களும் சலிக்காமல் சொல்லப்படுகின்றன, இரண்டாலும் தொல்லைதான். பொறாமை என்று பெயரிட்டுவிட்டால், பெரிய பூனையைக் கூடுதலாகத் தூக்கிக் கொஞ்சினால் போதும் என்று தோன்றிவிடும். சண்டை இயல்புதான் என்று விட்டுவிட்டால், ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய பயம் ஆண்டுக் கணக்கில் நீடிக்கும் பகையாகிவிடலாம். மாடு மிரண்டுவிட்டது என்று நாம் சொல்வோமே, அந்த மிரட்சிதான் இங்கும் நடப்பது. மிரண்ட மாட்டை யாரும் பொறாமை பிடித்தது என்று சொல்வதில்லை. பூனைக்கு மட்டும் ஏனோ மனிதக் குணங்களை ஏற்றிவிடுகிறோம்.

வாசனையால் கட்டிய வீடு

வேலையிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறக்கிறீர்கள். வாசலில் முன்பின் பார்த்திராத செருப்பு கிடக்கிறது. உங்கள் கட்டிலில் வேறொருவருடைய தலையெண்ணெய் வாசம் அடிக்கிறது. உள்ளறையில் யாரோ நடமாடும் சத்தம் கேட்கிறது. யார், எதற்காக வந்தார், எப்போது போவார் என்று சொல்வதற்கு ஆள் இல்லை. அந்த நேரத்தில் உங்களுக்குள் எழுவதைப் பொறாமை என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

பூனையின் நிலை இதைவிடச் சற்றுக் கடினமானது. ஏனெனில் அது தன் வீட்டைக் கண்ணால் அறிவதைவிட மூக்கால்தான் அதிகம் அறிகிறது. கன்னம், மோவாய், நெற்றிப் பக்கங்கள், வாலின் அடிப்பகுதி, பாதங்களின் மெத்தைப் பகுதி ஆகிய இடங்களில் அதற்கு வாசனைச் சுரப்பிகள் உள்ளன. மேசைக் காலிலும் கதவு விளிம்பிலும் உங்கள் கணுக்காலிலும் அது கன்னத்தைத் தேய்ப்பது வெறும் செல்லம் அன்று. அங்கெல்லாம் தன் அடையாளத்தைப் பூசிவிட்டுப் போகிறது. இப்படி ஒரு விலங்கின் உடலிலிருந்து வெளிப்பட்டு, அதே இனத்தைச் சேர்ந்த விலங்குகளுக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருளுக்குப் பெரோமோன் என்று பெயர். மூக்கைத் தவிர, மேல் அண்ணத்தில் ஜேக்கப்சன் உறுப்பு என்ற தனி உறுப்பு ஒன்றும் இந்தச் செய்திகளைப் படிக்கவே பூனைக்கு அமைந்திருக்கிறது. ஒரு துணியை முகர்ந்துவிட்டு வாயை அரைகுறையாகத் திறந்தபடி பூனை சிறிது நேரம் திகைத்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அப்போது அந்த உறுப்பு வேலை செய்கிறது.

இதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. நம் வீட்டுப் பூனைகள் எல்லாம் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழித்தோன்றல்கள். அது எலி, ஓணான், சிறு பறவை என்று தன் ஒற்றை வயிற்றுக்கு மட்டும் போதுமான இரையைத் தனியே தேடித் திரியும் விலங்கு. ஓநாயைப் போல அதற்குக் கூட்டமும் இல்லை, கூட்டத்துக்குள் சமாதானம் பேசும் பழக்கமும் இல்லை. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு மேற்கு ஆசியாவில் தானியக் குதிர்களைச் சுற்றி எலிகள் பெருகியபோது அவற்றைத் தேடி வந்து மனிதரோடு ஒட்டிக்கொண்ட இந்த விலங்குக்கு, வேறொரு பூனையின் வாசனை என்றால் முதல் பொருள் 'என் இரை பறிபோகப் போகிறது' என்பதுதான். பூனைகள் ஒன்றோடொன்று நட்பாக இருக்கவே முடியாது என்று இதற்குப் பொருள் இல்லை. மீன் சந்தைகளில் கூட்டமாக வாழும் பூனைகளை நாம் காண்கிறோம். அந்தக் கூட்டங்களில் அவை ஒன்றையொன்று தேய்த்துத் தேய்த்து ஒரு பொது வாசனையை உண்டாக்கிக்கொள்கின்றன. அந்த வாசனை இருப்பது உறவு, இல்லாதது அந்நியம்.

புதிய உயிர் வந்த பரபரப்பில் பலரும் செய்கிற ஒரு காரியத்தை இங்கே குறிப்பிட வேண்டும். குட்டி அசிங்கம் செய்துவிட்டது என்று வீடு முழுவதையும் பினாயில் ஊற்றிக் கழுவிவிடுகிறார்கள். பெரிய பூனை ஆண்டுக் கணக்கில் பூசி வைத்திருந்த அடையாளம், அதற்கு மிகவும் தேவைப்படும் நாளில் ஒரே கழுவலில் போய்விடுகிறது. தவிர, பினால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு என்பதால், பூனை உள்ள வீட்டில் பினாயில் எந்த நாளிலும் இருக்கக் கூடாத பொருள். மிதமான சோப்புத் தண்ணீரே போதுமானது.

இதுவரை சொன்னதை ஒரு வரியில் வைத்துக்கொள்ளலாம். புதிய விலங்கின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதன் வாசனை பெரிய பூனையின் வீட்டைக் குலைத்துவிடுகிறது. ஆகவே சரிசெய்யும் வேலையும் வாசனையில்தான் தொடங்க வேண்டும்.

மிரட்சி உடலுக்குள் என்ன செய்கிறது?

ஆபத்து என்று தோன்றுவதைக் கண்டவுடன் மூளையின் ஆழத்தில் உள்ள எச்சரிக்கைப் பகுதி, யோசிக்கும் பகுதியைக் கேட்காமலேயே மணியடித்துவிடுகிறது. சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின் என்ற இயக்குநீரைக் கொட்டுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, கண்மணி விரிகிறது, மயிர் சிலிர்க்கிறது, செரிமானம் நின்றுபோகிறது. அடுத்து வரும் கார்டிசால் என்ற இயக்குநீர் இந்த விழிப்பு நிலையைத் தாங்கிப் பிடிக்கிறது. அட்ரினலின் விரைவில் அடங்கிவிடும். கார்டிசால் அவ்வளவு விரைவாக அடங்குவதில்லை. எனவே ஒரு சண்டை அரை நிமிடத்தில் முடிந்துவிட்டாலும், பூனையின் உடல் பழைய நிலைக்குத் திரும்பப் பல மணி நேரமும், சில சமயம் ஒன்றிரண்டு நாள்களும்கூட ஆகலாம்.

ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்த பாத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் குப்பை வண்டியின் சத்தம் ஒரு சொட்டு, நண்பகலில் குட்டியின் கத்தல் ஒரு சொட்டு, மாலையில் வந்த விருந்தினர் ஒரு சொட்டு. இரவில் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு அருகில் வந்தபோது பாத்திரம் வழிந்துவிடுகிறது. பழி குட்டியின்மேல் விழுகிறது, நிரப்பியது நாள் முழுவதும் என்றாலும். ஏற்கெனவே பயந்த சுபாவம் உள்ள பூனையின் பாத்திரம் எப்போதும் முக்கால்வாசி நிரம்பியே இருக்கும். மற்றப் பூனைகள் பொறுத்துக்கொள்ளும் ஒன்று இதற்குத் தாங்காமல் போவது அதனால்தான். குட்டிகள் பிறந்த 2 முதல் 7 வாரங்களுக்குள் மனிதரையும் பிற விலங்குகளையும் பழகாமல் போனால், வளர்ந்த பிறகு இத்தகைய அச்சம் மிகுதியாக இருக்கும்.

பாத்திரம் வழிவதற்கு முன்பே பூனை அறிகுறிகளைக் காட்டிவிடும். காது பக்கவாட்டில் திரும்புதல், உடலைத் தரையோடு ஒட்டிப் பதுங்குதல், தோல் சிலிர்த்து ஓடுதல், பசியின்மை, மணல் தொட்டிக்கு வெளியே சிறுநீர் கழித்தல் ஆகியவற்றை எளிதில் கவனிக்கலாம். சீறலையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். சீறல் என்பது 'இன்னும் நெருங்காதே' என்ற வேண்டுகோள். தாக்குதலைத் தவிர்ப்பதற்காகவே பூனை சீறுகிறது. சீறியதற்காக அதட்டினாலோ தண்ணீர் தெளித்தாலோ, அது எச்சரிக்கையை விட்டுவிட்டு நேரடியாக நகத்தை நீட்டக் கற்றுக்கொள்ளும்.

சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும் என்பது ஏன் தவறு?

ஒரு அச்சத்துக்கு மீண்டும் மீண்டும் உட்பட்டால் அது தானே மரத்துப்போகும் என்று நாம் நம்புகிறோம். அதில் பாதி உண்மை உண்டு. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் சில நாள்களில் காதில் விழாமல் போவதைப் போல, சிறிய அளவில், தீங்கில்லாமல், திரும்பத் திரும்ப வருவது மரத்துப்போகும். அதற்குப் பழகிப்போதல் என்று பெயர். அதே தூண்டல் தாங்க முடியாத அளவில் வந்தால் நேர்மாறாக நடக்கும். ஒருமுறை நாய் துரத்திக் கடித்தவருக்கு அடுத்த தெருவில் கேட்கும் குரைப்பும் உடலைத் தூக்கிப்போடும். இதைக் கூர்மையடைதல் என்பார்கள். இரண்டு பூனைகளையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள் பழகிப்போதலை எதிர்பார்த்துக் கூர்மையடைதலை உண்டாக்குகிறார்கள். சில வீடுகளில் அது பலித்தும் இருக்கும். அங்கே பூனைகளின் சுபாவம் காப்பாற்றியதே தவிர, அந்த முறை காப்பாற்றவில்லை.

சரியான வழி பூனைகளை வைத்தே கண்டறியப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1940களின் பிற்பகுதியில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர், கூண்டுக்குள் மின்னதிர்ச்சி கொடுத்துப் பூனைகளை அச்சமூட்டினார். இன்று எவரும் அனுமதிக்க முடியாத கொடுமையான சோதனை அது. அதன் பிறகு அந்தப் பூனைகள் பசியோடு இருந்தும் கூண்டுக்குள் உணவைத் தொடவில்லை. கூண்டு இருந்த அறையிலும் தொடவில்லை. வோல்பே அவற்றை, அந்த அறையைச் சிறிதளவே ஒத்திருந்த வேறோர் அறைக்குக் கொண்டுபோய் உணவு வைத்தார். அங்கே தயங்கித் தயங்கி உண்டன. பிறகு இன்னும் சற்று ஒத்த அறை, பிறகு அதே அறை, பிறகு கூண்டின் அருகில், கடைசியில் கூண்டுக்குள். ஒவ்வொரு படியிலும் நிம்மதியாக உண்ணத் தொடங்கிய பின்னரே அடுத்த படி. முடிவில் அச்சம் போய்விட்டது. மனிதர்களின் அச்ச நோய்களுக்கு இன்றும் அளிக்கப்படும் படிப்படியான சிகிச்சை முறை இந்தப் பூனைகளிடமிருந்து வந்ததுதான். அதற்கு முன்பே, 1924இல், அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டு பயந்த சிறுவன் ஒருவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்துக்கொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்து அவன் பயத்தைப் போக்கியிருந்தார்.

இம்முறையில் இரண்டு செயல்கள் பின்னிக் கிடக்கின்றன. அச்சமூட்டுவதைத் தாங்கக்கூடிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவது ஒன்று. அதே நேரத்தில் இனிமையான ஒன்றைக் கொடுத்து, 'அது வந்தால் எனக்கு நல்லது நடக்கும்' என்று மூளைக்குப் புதுப் பாடம் கற்பிப்பது மற்றொன்று. அச்சம் உச்சத்தில் இருக்கும்போது செரிமானம் நின்றுவிடும் என்று பார்த்தோம். ஆகவே பூனை உண்கிறதா என்பதே நம் கையில் இருக்கும் மிக நம்பகமான அளவுகோல். எந்தத் தூரத்தில் அது இயல்பாக உண்கிறதோ அதுவே அன்றைய பாடத்துக்கு உரிய தூரம். இந்தக் கட்டுரையில் அதைச் சாப்பிடும் தூரம் என்று அழைக்கிறேன்.

முதல் நாள்களில்: தனி அறை, தனி மூச்சு

புதிதாக வரும் விலங்கை முதலில் பெரிய பூனை அதிகம் புழங்காத ஓர் அறைக்குள், கதவைச் சாத்தி வைக்க வேண்டும். கால்நடை மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசி போட்டு, உண்ணி, படர்தாமரை போன்றவை இல்லை என்று உறுதிசெய்ய எப்படியும் அவகாசம் தேவை. தெருவிலிருந்து வந்த குட்டி என்றால் சுமார் இரண்டு வாரம் ஒதுக்கி வைப்பது பெரிய பூனையின் உயிரையே காப்பாற்றக்கூடும், ஏனெனில் பார்வோ வகை வைரஸால் வரும் பூனைக் கொள்ளைநோய் மிக வேகமாகப் பரவக்கூடியது.

இந்த நாள்களில் பெரிய பூனைக்கு ஒளிந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்த அட்டைப்பெட்டி போதும். ஒரு பக்கம் வாசல் வெட்டிவிடலாம். நெதர்லாந்தில் உள்ள ஒரு விலங்குக் காப்பகத்தில் நடந்த ஆய்வில், புதிதாக வந்த பூனைகளில் பெட்டி கிடைத்தவை, கிடைக்காதவற்றைவிட விரைவாகப் பதற்றம் தணிந்தன. ஒளிந்திருக்கும் பூனையை இழுத்து வெளியே எடுத்து மடியில் வைத்துச் சமாதானம் செய்வது நமக்குத்தான் ஆறுதல்.

அடுத்தது வாசனைப் பரிமாற்றம். குட்டியின் கன்னத்தையும் தலையையும் ஒரு பழைய பருத்தித் துணியால் மெல்லத் துடைத்து, அதைப் பெரிய பூனையின் உணவுத் தட்டிலிருந்து சில அடி தள்ளி வையுங்கள். பெரிய பூனையின் துணியைக் குட்டியின் அறையில் வையுங்கள். முகர்ந்துவிட்டு உண்ணச் சென்றால் சரியான தூரம். துணியைப் பார்த்துச் சீறிவிட்டுத் தட்டை விட்டு நகர்ந்தால், துணி மிக அருகில் இருக்கிறது என்று பொருள். நாள்தோறும் சில அங்குலங்களாக நகர்த்தி, துணிக்கு அருகிலேயே உண்ணும் நிலை வந்த பின், இரண்டு விலங்குகளையும் சந்திக்கவிடாமல் அறைகளை மட்டும் ஒரு மணி நேரம் மாற்றிக் கொடுக்கலாம்.

கதவின் இருபுறமும்

வாசனை பழகிய பிறகு, மூடிய கதவின் இரு பக்கங்களிலும் இரண்டு தட்டுகள். முதல் நாள் கதவிலிருந்து எட்டடி தள்ளி வைக்க நேர்ந்தால் அதில் அவமானம் ஏதும் இல்லை. பெரிய பூனைக்கு மிகவும் பிடித்த உணவு இந்த நேரத்தில் மட்டும் கிடைக்க வேண்டும்: உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல் அவித்த கோழியோ, முள் நீக்கிய மீனோ. கருவாட்டு வாசம் எந்தப் பூனையையும் எழுப்பிவிடும் என்றாலும் அதிலுள்ள உப்பு அதற்கு ஆகாது. பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத்தான் தரும்.

கதவோடு ஒட்டி அமைதியாக உண்ணும் நாள் வந்ததும் பார்வைக்குச் செல்லலாம். நம் வீடுகளில் இருக்கும் கொசுவலைக் கதவு இதற்கென்றே செய்ததைப் போல் அமைந்திருக்கிறது, வலை இரும்பில் ஆனதாக இருந்தால். முதலில் அதன்மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, கீழே நான்கு விரல் அளவு மட்டும் திறந்து வைத்து, இருபுறமும் உணவு கொடுத்து, அரை நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். நாளாக நாளாகப் போர்வை உயரும், நேரம் கூடும். உறைந்துபோய் இமைக்காமல் பார்ப்பது கெட்ட அறிகுறி. பார்வையை விலக்குவதும் மெதுவாக இமைப்பதும் நல்ல அறிகுறிகள். இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும்: கதவுக்கு அப்பால் உள்ள விலங்கை எட்ட முடியாத பூனை, அருகில் நிற்கும் உங்கள் காலைக் கடித்துவிடலாம். திசைமாறிய தாக்குதல் என்று இதற்குப் பெயர். கொதிப்பில் இருக்கும் பூனையைக் கையால் தூக்காமல், இடையில் ஒரு அட்டையை நுழைத்துப் பார்வையை மறையுங்கள். கடித்துவிட்டால் உடனே சோப்பால் நன்கு கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி பூனைக் கடிக்கும் பொருந்தும்.

வலை இல்லாத சந்திப்பு கடைசியில்தான். குட்டியை முதலில் விளையாட்டுக் காட்டிக் களைப்படையச் செய்துவிட்டு, அறையின் இரு மூலைகளில் உணவோ விளையாட்டோ கொடுத்து, சில நிமிடங்களில் நல்லபடியாக முடித்துவிட வேண்டும். நன்றாகப் போகிறதே என்று நீட்டிக்க வேண்டாம். குட்டி என்றால் இவை அனைத்தும் சில வாரங்களில் முடியலாம். இரண்டும் வளர்ந்த பூனைகள் என்றால் மாதங்கள் ஆவது இயல்பு. ஒரு படியில் பூனை உண்ண மறுத்தால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். இதுவரையிலான செயல்முறை முழுவதும் இந்த ஒரு விதியின் விரிவுதான்.

வருவது நாய் என்றால் முறை அதுவே. பொறுப்பு மட்டும் நாயின் பக்கம் கூடுதலாகச் சாயும். சந்திப்புகளில் நாய் வாரில் இருக்க வேண்டும். ஓடும் பூனையைத் துரத்தும் வாய்ப்பு ஒருமுறைகூட அதற்குக் கிடைக்கக் கூடாது. பூனைக்கு நாய் எட்ட முடியாத உயரங்கள் வேண்டும்.

ஒண்டுக்குடித்தனச் சண்டை

ஒரே குழாய், ஒரே கழிவறை, ஐந்து குடும்பங்கள் என்றிருந்த ஒண்டுக்குடித்தன வீடுகளில் சண்டைகள் ஆளைப் பற்றி வந்ததைவிடக் குழாயைப் பற்றியே அதிகம் வந்தன. குழாய் இரண்டானால் பாதிச் சண்டை குறையும். பூனைகள் வாழும் வீடும் அப்படித்தான். பழக்கப்படுத்துதல் நன்றாக நடந்தும் பகை நீடிக்கும் வீடுகளில், பெரும்பாலும் எல்லாத் தட்டுகளும் ஒரே சமையலறை மூலையில் இருக்கும். அதற்குப் போகும் ஒரே வழியில் ஒரு பூனை படுத்துக்கொண்டு, எதுவும் செய்யாமல், பார்த்துக்கொண்டே இருக்கும். மனிதருக்கு அது சோம்பலாகத் தெரிகிறது. மற்றப் பூனைக்கு அது பூட்டிய வாயில்.

உணவு, தண்ணீர், படுக்கை ஆகியவை ஒன்றையொன்று பார்க்க முடியாத இடங்களில் இருக்கட்டும். லிட்டர் பாக்ஸ் எனப்படும் மணல் தொட்டிகள், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு இடங்களில் வேண்டும். அருகருகே வைத்த மூன்று தொட்டிகள் பூனையின் கணக்கில் ஒன்றுதான். சிறிய வீட்டில் தரைப்பரப்பு குறைவு என்று கவலைப்படுபவர்கள் சுவரைப் பார்க்கலாம்: அலமாரியின் உச்சியைக் காலிசெய்து, ஏற ஒரு பலகை பொருத்தினாலே பூனைக்கு இன்னோர் அறை கிடைத்துவிடும். கடைகளில் விற்கும் செயற்கைப் பெரோமோன் கருவிகள் சில பூனைகளுக்குச் சிறிது உதவலாம். அவற்றை மட்டும் செருகிவிட்டு மற்றதை விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம்

பயம்தானே என்று காத்திருக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. ஒரு நாள் முழுவதும் எதுவும் உண்ணாத பூனையைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். பூனை சில நாள்கள் பட்டினி கிடந்தால், குறிப்பாகப் பருமனான பூனை, உடற்கொழுப்பு கல்லீரலில் தேங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். மனஅழுத்தத்தால் பூனைகளுக்குக் கிருமித் தொற்று இல்லாமலேயே சிறுநீர்ப்பை அழற்சி வருவதுண்டு. ஆண் பூனை அடிக்கடி தொட்டிக்குப் போய் முக்கிக்கொண்டு, சிறுநீர் வராமல் கத்தினால் அது அடைப்பாக இருக்கலாம். அன்றிரவே, மணி எத்தனையானாலும், சிகிச்சை தேவை. அச்சம் மிகக் கடுமையான பூனைகளுக்கு மருந்துகளும் உண்டு. அவற்றைக் கால்நடை மருத்துவரே தேர்ந்தெடுக்க வேண்டும். மனிதருக்கான மாத்திரைகளை உடைத்துக் கொடுப்பது கொலைக்குச் சமம், ஒரு பாரசிட்டமால் மாத்திரையே பூனையைக் கொல்லும்.

மருத்துவரிடம் போய் வந்ததும் ஒரு விசித்திரம் நடக்கக்கூடும். ஆறு மாதமாக ஒன்றாகத் தூங்கிய இரண்டு பூனைகளில் ஒன்றை மட்டும் கூடையில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால், வீட்டில் இருந்தது அதைப் பார்த்து முன்பின் அறியாததைப் போலச் சீறும். முகம் அதேதான், மேலே இருப்பது ஸ்பிரிட்டும் கையுறையும் வேறு நாய்களும் கலந்த வாசம். அப்போது திட்டவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். திரும்பி வந்ததைப் பழைய அறையில் விட்டுக் கதவைச் சாத்தி, அது வழக்கமாகப் படுக்கும் விரிப்பை உள்ளே போடுங்கள். இரவு உணவைக் கதவின் இருபுறமும் வையுங்கள். பெரும்பாலும் மறுநாள் காலைக்குள் அது மீண்டும் வீட்டு வாசத்துக்கு வந்துவிடும்.